மூணு விரல்

அளவு டேப் அவள் கைக்குப் போய்விட்டால் அந்தக் கொட்டகையில் யாருக்கும் நிம்மதி கிடையாது. இழுப்பாள், விடுவாள். இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டு வெளியே வரும், சரக்கென்று உள்ளே போகும். அன்றைக்குக் காலையிலிருந்து அதே வேலைதான். அளந்ததையே அளந்துகொண்டு ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இன்ஜினியரம்மா, அந்தப் பாம்பைப் பிடிச்சுக் கூடையில போடு தாயே. அது சீறும்போதெல்லாம் என் கை கோணுது," என்றார் பெயிண்டர். மூலையில் ஒரு கதவை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சீறாத அன்னைக்கு மட்டும் நேரா அடிச்சீங்களாக்கும், சித்தப்பா?"

"ஊருக்கெல்லாம் காலேஜ் போனாத்தான் வாய் வரும். உனக்கு வாய்தான் முதல்ல காலேஜ் போச்சு."

அவர் அப்பாவோடு கூடப் பிறந்தவர் இல்லை. ஆனால் அப்பா நெளிவெடுக்கிற வண்டிக்கெல்லாம் வர்ணம் அடித்தே பாதி ஆயுளைக் கழித்தவர், அதனால் சித்தப்பா. இன்ஜினியரம்மா என்ற பட்டப்பெயரும் அவர் வைத்ததுதான். தெரு அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டில் முதன்முதலாக ஒருத்தி பட்டம் வாங்கிவிட்டால் தெருவே அவளைத் தத்தெடுத்துக்கொள்ளும். பீஸ் கட்டத் தவித்தபோது கதவைச் சாத்திக்கொண்டவர்கள்கூட, இப்போது அவள் எங்கே வேலைக்குப் போக வேண்டும், எப்போது போக வேண்டும், போகாவிட்டால் எப்படி உருப்படாமல் போவாள் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கொட்டகையின் இடது பாதி.

அந்தக் கொட்டகை அப்பாவுடையது. வலது பாதியில் அவர் வண்டிகளின் ஒடுக்கு நெளிவுகளைத் தட்டி எடுக்கிறார். இடது பாதியில் உடைந்த கதவு, கிழிந்த சீட்டு, யாரும் கேட்காத பம்பர் எல்லாம் குப்பையாகக் கிடக்கின்றன. அந்தப் பக்கத்தைச் சுத்தம் செய்து, காட்டுக்கும் மலைக்கும் போகிற வண்டிகளுக்கு வேண்டிய மாற்று வேலைகளைச் செய்யலாம் என்று அவள் கேட்டு வாய் வலித்துவிட்டது. அம்மாவோ வேறு ஊரில் ஒரு கம்பெனி வேலைக்கு எழுதிப்போடச் செய்து, அதுவும் கிடைத்துவிட்டது. நாள் முழுக்கக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, வேறு எவனோ அளந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. நேர்முகத்தில் அவளிடம் இயந்திரத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள். கல்யாணம் எப்போது என்று இரண்டு தடவை கேட்டார்கள். வருகிறாளா இல்லையா என்று இன்றைக்குச் சாயங்காலம் போனில் கேட்பார்கள்.

முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் அப்பாதான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"டாக்டர் ஜீப்பை நீ செய். டயர் எங்கயும் உரசலைன்னா இடது பக்கம் உனக்கு. உரசிச்சுன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கம்பெனிக்குப் போ. அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி," என்றாள் அவள், சோற்றை விழுங்காமலே.

"அப்பாடா," என்றாள் அம்மா. உரசும் என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

டாக்டர் என்றால் மாட்டு டாக்டரம்மா. நாலரை அடி உயரம் இருந்தால் அதிகம். மலைக்கு மேலே சேற்றுப் பாதையில் ஜீப் சக்கரம் புதைந்து புதைந்து அலுத்துப்போய், பெரிய டயர் வாங்கிவிட்டார். பட்டை பட்டையாக, குளம்பு குளம்பாக நாலு டயர். மாட்டிப் பார்த்தால், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்தாலே மட்கார்டில் இடிக்கிறது. எந்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டாலும் ஒரே பதில்: வண்டியைத் தூக்குங்கள். ஸ்பிரிங்கை மாற்றி, கட்டை வைத்து, உடம்பை உயர்த்துங்கள்.

"தூக்கினா நான் ஏற ஏணி வைக்கணும்," என்றார் டாக்டர். "அதோட அந்த மலை வளைவுல உசரமான வண்டி குடை சாயும். எப்பவும் பின்னாடி ரெண்டு மூணு பேரு, மருந்துப் பெட்டி, சில நாள் கன்னுக்குட்டி. தூக்காம ஏதாவது பண்ணுங்க."

அப்பா கையை விரித்துவிட்டார். அவள்தான் முன்னால் வந்து சொன்னாள். ஸ்பிரிங்குக்கு மேலே சின்னதாக ஒரு வளையம் போதும், பாக்கி இடத்துக்கு மட்கார்டின் விளிம்பை வெட்டி எடுத்துவிடலாம் என்று.

வெட்டுவதா! அப்பாவுக்கு அந்த வார்த்தையே ஆகாது. கசங்கின தகரத்தை நீவி நீவி நேராக்குவது அவர் பிழைப்பு. நல்ல தகரத்தில் கட்டிங் வீலை வைப்பது அவருக்குத் தூங்குகிற குழந்தையைக் கிள்ளுவது மாதிரி.

"செருப்பு சேரலைன்னு காலை வெட்டுவாங்களாம்மா?" என்று கேட்டார்.

"காலை யாருப்பா வெட்டுறா? ஆள் வளந்துட்டான், வாசப்படியைத்தான் வெட்டுறோம்."

டாக்டர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் வேலை அவள் கைக்கு வந்தது.

இப்போது ஜீப், ஸ்பிரிங்கில் வளையம் ஏறி, கொட்டகை நடுவில் ஜாக்கி மேல் நின்றது. சாயங்காலம் கொடுத்தால் போதும் என்றிருந்த வேலை. ஆனால் காலையிலேயே டாக்டர் போன் செய்துவிட்டார். மேலே மேகம் கட்டுகிறதாம், மலையில் நாளைக்குத் தடுப்பூசியாம், மழைக்கு முன்னால் ஏறியாக வேண்டுமாம். மத்தியானத்துக்குள் முடியுமா?

"முடியும்," என்று சொல்லிவிட்டுத்தான் அவள் யோசித்தாள். இரண்டு மட்கார்டு. ஒரு ஆள். வெட்டி, பிசிறு எடுத்து, பிரைமர் அடித்து, ரப்பர் விளிம்பு போட்டு... கையில் டேப் சீறியது.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், கசப்பு மருந்து குடிக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ஆளுக்கொரு பக்கம்," என்றார். "நீ இடது, நான் வலது."

"நீங்களா? வெட்டுவீங்களா?"

"உன் கணக்கு, என் கை. பாவம் உனக்குத்தான்."

இடது மட்கார்டில் அவள் காகித டேப் ஒட்டிக் கோடு போட்டிருந்தாள். விளிம்பிலிருந்து நாற்பத்தைந்து மில்லி. ராத்திரியெல்லாம் தாளில் போட்டுப் பார்த்த கணக்கு: சக்கரம் இவ்வளவு, ஸ்பிரிங் இறங்கினால் இவ்வளவு, ஒடித்தால் இவ்வளவு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிரைண்டரை ஓட்டினாள். தீப்பொறி வால் போல நீண்டது. ஒரு மாதமாகக் குப்பைக் கதவுகளில் பழகின கை கோட்டை விட்டு விலகவில்லை.

பாதி வெட்டியிருப்பாள். கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருந்தது, பெயிண்டர் காற்றடித்துக்கொண்டிருந்தார். வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பாவின் தலை மேலே வந்தது. வாய் அசைந்தது.

"எவ்வளவு?"

"நாப்பத்தஞ்சு!"

"ஆங்?"

"நாப்... பத்... தஞ்சு!"

அப்பா காதுக்குக் கையைக் குவித்தார். இத்தனை வருஷம் சுத்தியல் சத்தத்திலேயே இருந்து அவருக்கு ஒரு காது முழுசாகப் போய்விட்டது, இன்னொன்று விருந்தாளி மாதிரி வந்தால் வரும். அதனால் அந்தக் கொட்டகைக்கென்று ஒரு கை பாஷை உண்டு. உள்ளங்கையை உயர்த்தினால் நிறுத்து. இரண்டு கையையும் தேய்த்தால் உரசுது. அளவு கேட்டால் விரல். அவள் இடது கையைத் தகரத்தில் படுக்க வைத்துப் பார்த்தாள். மூன்று விரலைச் சேர்த்து வைத்தால் சரியாகக் கோட்டைத் தொட்டது. சபாஷ், நாற்பத்தைந்து. மூன்று விரலை ஒட்டிவைத்து உயர்த்திக் காட்டினாள்.

அப்பாவும் மூன்று விரலைக் காட்டினார். தலையை ஆட்டினார். தலை கீழே போனது.

மில்லி கணக்கை அவர் பாஷைக்கு மாற்றிச் சொல்லிவிட்டோமே என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இடது பக்கம் முடிந்ததும் ரப்பர் விளிம்பு வாங்க ஓடினாள். சாப்பாட்டுக்கு மூடினால் அந்தக் கடைக்காரன் மனசு வந்தால்தான் திறப்பான். போய் வரிசையில் நின்று, "யாருக்கும்மா, அப்பா அனுப்பினாரா?" என்ற கேள்விக்கு "எனக்குத்தான்" என்று வெடுக்கென்று சொல்லி, வாங்கிக்கொண்டு திரும்பினபோது, கொட்டகை வாசலிலேயே வெல்டிங் வாசனை அடித்தது.

இந்த வேலையில் வெல்டிங்குக்கு இடமே இல்லை.

அப்பா வலது சக்கரத்துக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பக்கத்தில் கிடந்த சாக்கை எடுத்து மட்கார்டு மேல் போட்டார்.

"என்னப்பா அது?"

"ஒண்ணுமில்ல. காயட்டும்."

"எது காயட்டும்? பிரைமர் டப்பாவே இன்னும் தொறக்கலை."

"இன்ஜினியரம்மா," என்றார் பெயிண்டர், "நீ போய் முதல்ல டீ சாப்பிட்டு..."

அவள் சாக்கை இழுத்தாள்.

வெட்டின விளிம்புக்குக் கீழே, வெட்டி எடுத்த துண்டிலிருந்தே ஒரு பட்டையை நறுக்கி, அப்பா திரும்ப ஒட்டவைத்திருந்தார். அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெல்டிங். அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது.

"ஒட்டுப் போடுறீங்களா? வெட்டச் சொன்ன இடத்துல ஒட்டுப் போடுறீங்களா? என் கணக்கு பிடிக்கலைன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே! நான் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் தையல் போடுறது என்ன பழக்கம்?"

"மெல்லப் பேசு..."

"மெல்லப் பேசினா உங்களுக்குக் கேக்காது!"

அப்பா எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த சுத்தியலைத் தரையில் வைத்தார். தப்புப் பண்ணின பள்ளிக்கூடப் பையன் முகம்.

"கூட வெட்டிட்டேன்மா," என்றார். "உன் பக்கத்தை வந்து பார்த்தேன். அது சின்னதா இருந்துச்சு. இது ஆவென்னு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை நல்ல தகரத்துல கை வச்சேன், அதுவும்..."

"மூணு விரல்தானே காட்டினேன்?"

"மூணு விரல்தான் வெட்டினேன்."

அப்பா வலது கையை நீட்டி, மூன்று விரலைச் சேர்த்துத் தகரத்தில் வைத்துக் காட்டினார். அவள் தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். சுத்தியல் பட்டுப் பட்டுக் கணுக்கணுவாக வீங்கிப்போன விரல்கள் அவருடையவை. அவருடைய இரண்டு விரல் அவளுடைய மூன்றுக்கு வந்துவிடும்.

பெயிண்டர் எட்டிப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அண்ணே... மில்லியும் போச்சு, இஞ்சும் போச்சு. இனிமே கடை போர்டுல எழுதிடுங்க, அப்பா விரல் ஒரு ரேட்டு, பொண்ணு விரல் ஒரு ரேட்டுன்னு."

"நீங்க வாயை மூடிக்கிட்டுத் தேயுங்க சித்தப்பா!"

கோபம் இறங்கவில்லை. ஆனால் யார் மேல் காட்டுவது என்று தெரியாத கோபமாகிவிட்டது. அதுதான் இருக்கிறதிலேயே மோசம். தப்பு அவர் விரலிலா, அவள் விரலிலா? டேப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு விரலைக் காட்டினவள் அவள்தானே.

"சரி. ஒட்டு இருக்கட்டும்," என்றாள். "என் அளவுக்கு வந்திருக்கு இல்ல? உரசலைன்னா அப்படியே முழுசா வெல்டிங் போட்டு மறைச்சிடலாம். இப்ப ஜாக்கியை இறக்கி ஒடிச்சுப் பார்ப்போம்."

வெறும் வண்டியில் ஒடித்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்பியது. சக்கரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் அவள் தன் சுண்டுவிரலை விட்டு எடுத்தாள். ஜெயித்துவிட்டேன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே இன்னொரு குரல் குறுக்கே வந்தது, நாலரை அடி உயரத்துக் குரல்: பின்னாடி எப்பவும் ரெண்டு மூணு பேரு, மருந்துப் பெட்டி, கன்னுக்குட்டி.

தாளை எடுத்துப் பார்த்தாள். வண்டியின் எடை இருந்தது. டயரின் எடைகூட இருந்தது. ஆளின் எடை எங்கேயும் இல்லை.

"ஆளு வேணும்," என்றாள். "வண்டி நெறய ஆளு வேணும். உடனே."

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்து வாசலில் நின்றாள். வாசலைத் தாண்டி அவள் உள்ளே வந்ததே கிடையாது. புருஷன் காதைத் தின்ற இடம் என்று அதன் மேல் அவளுக்குத் தீராத பகை.

"அந்தக் கம்பெனிக்காரங்க வீட்டு நம்பருக்கும் கூப்பிட்டுட்டாங்கடி. சாயங்காலம் மறுபடி பேசுவாங்களாம். நல்லவிதமா பதில் சொல்லு. என்ன மூஞ்சி இது? கரிச்சட்டி மாதிரி..."

"அம்மா, வண்டியில ஏறு."

"எதுக்கு?"

"கனத்துக்கு."

"கனத்துக்கா! ஏங்க, கேட்டீங்களா? நான் என்ன மூட்டையா?"

"ஆங்?" என்றார் அப்பா.

"நல்லவேளை உங்களுக்குக் கேக்கல."

பக்கத்துக் கடை தையற்காரர் வந்தார். அவர் ஒருத்தரே இரண்டு ஆளுக்குச் சமம். தன்னிடம் வேலை செய்கிற இரண்டு பெண்களையும் கூட்டிவந்தார். அந்தப் பெண்கள் ஊர்வலத்துக்குப் போகிற மாதிரி சிரித்துக்கொண்டே பின்னால் ஏறினார்கள். இரண்டு பெயிண்ட் டின் மருந்துப் பெட்டியானது.

"கன்னுக்குட்டி?" என்று கேட்டார் பெயிண்டர்.

"அதான் தையக்காரர் இருக்காரே," என்றாள் அம்மா, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு முன்சீட்டில் ஏறியபடி.

"அக்கா, நான் இறங்கிப் போயிடுவேன்," என்றார் தையற்காரர் பின்னாலிருந்து.

"இறங்காதீங்க மாமா, நீங்கதான் இந்த வண்டிக்கு உயிரு," என்றாள் அவள். வண்டி அவர்கள் பாரத்தில் மூச்சை விட்டு உட்கார்ந்தது. இடது சக்கரத்துக்கு அடியில் பலகைகளை அடுக்கி, மேட்டில் ஒரு பக்கம் ஏறி நிற்கிற மாதிரி செய்தார்கள். பெயிண்டர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார். அவள் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக் காதை வைத்தாள். அப்பா வலது பக்கம், தன் ஒட்டுக்குக் காவல் நின்றார்.

"ஒடிங்க சித்தப்பா. முழுசா. மெல்ல பின்னாடி வாங்க."

சக்கரம் திரும்பியது. பட்டைகள் ஒவ்வொன்றாக விளிம்பை நெருங்கி, தாண்டி, நெருங்கி, தாண்டி...

கர்ர்ர்.

மெல்லிய சத்தம். எலி எதையோ சுரண்டுவது மாதிரி. இன்ஜின் உறுமலில் பின்னால் இருந்தவர்கள் யாருக்கும் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது. சுருட்டிய மயிர் மாதிரி ஒரு ரப்பர் இழை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் விழுந்தது.

வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா கத்தினார்: "உரசுதா?"

அவள் வாயைத் திறந்தாள். இடது பாதியின் குப்பையெல்லாம் தரை மட்டத்திலிருந்து அவள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. அந்தக் கிழிந்த சீட்டை எங்கே போடுவது, வெளிச்சத்துக்கு எங்கே ஓட்டை போடுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். ஒரு சொல்தான். இல்லை என்றால் இல்லை. இந்த உரசல் அப்பாவுக்குக் கேட்கப் போவதில்லை.

"உரசலை!"

சொன்னது அவள் இல்லை. அவள் தலைக்கு மேலே, முன்சீட்டிலிருந்து, அம்மா. கொட்டகையே அதிரும்படி இன்னொரு தடவை கத்தினாள்: "ஒண்ணும் உரசலைங்க! வழுக்கிக்கிட்டுப் போகுது! எறங்கலாமா?"

அவள் மல்லாந்தபடியே அண்ணாந்து பார்த்தாள். அம்மா ஜன்னல் வழியாகக் குனிந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தால் தூக்கத்தில் எழுந்துகொள்கிற காது அது. கேட்டிருக்கிறது. நன்றாகவே கேட்டிருக்கிறது.

காலையிலிருந்து யார் மேல் காட்டுவது என்று அலைந்த கோபம் அப்போதுதான் வந்து உட்கார இடம் கண்டுபிடித்தது.

"உரசுது!" எழுந்து நின்று இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்து அப்பாவுக்குக் காட்டினாள். "உரசுதுப்பா! நல்லா உரசுது! எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாம்! அந்தம்மா இதை எடுத்துக்கிட்டு மலை ஏறப்போறாங்க. பாதி வழியில டயர் கிழிஞ்சா இவங்களா போய்ப் பிடிப்பாங்க?"

"நல்லதுக்குக் காலமில்லை," என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னாலிருந்த பெண்களின் சிரிப்பு நின்றுபோனது.

அப்பா கையை உயர்த்தினார். பெயிண்டர் இன்ஜினை அணைத்தார்.

பலகைகளை வலது பக்கம் மாற்றி வைத்தார்கள். அங்கேயும் அதே கதை. ஒட்டின பட்டையில் டயர் பட்டு, பொட்டு வெல்டிங் ஒன்று பட்டென்று தெறித்தது. பட்டை ஒரு முனையில் தொங்கியது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சுத்தியலை எடுத்து, பாக்கிப் பொட்டுகளையும் ஒவ்வொரு தட்டில் உடைத்து, பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இப்ப ஒடி."

இப்போது சத்தமில்லை. அவள் படுத்துக் கேட்டாள். பின்னால் இருந்தவர்களைக் குதிக்கச் சொல்லிக் கேட்டாள். தையற்காரர் மனசார ஒரு குதி குதித்தார். சக்கரம் காற்றில் திரும்புகிற மாதிரி திரும்பியது.

"என் கணக்குல ஆளே இல்லப்பா," என்றாள் தரையிலிருந்தே. "வண்டி இருக்கு, சக்கரம் இருக்கு, ஆளை விட்டுட்டேன். இடதையும் உங்க விரலுக்கு வெட்டணும்."

"என் விரலு தப்பும்மா."

"உங்க விரலு தப்புதான். வண்டிக்கு அதுதான் சரியா அமைஞ்சிருச்சு. நான் என்ன பண்ண?"

இந்தத் தடவை அவள் விரலைக் காட்டவில்லை. அப்பாவின் வெட்டை டேப் வைத்து அளந்தாள். அறுபத்து மூன்று. அதை இடது மட்கார்டில் கோடாக ஒட்டினாள். கிரைண்டர் ஓடியபோது அப்பா இந்தப் பக்கம் வந்து, தகரம் அதிராமல் இருக்க விளிம்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். தீப்பொறி அவர் முழங்கையில் தெறித்தது. அவர் கையை எடுக்கவில்லை. "தள்ளிக்குங்கப்பா," என்று கத்தினாள். அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

டாக்டர் வந்தபோது பிரைமர் காய்ந்து, ரப்பர் விளிம்பு ஏறி, மழை இன்னும் இறங்காமல் இருந்தது. ஏணி இல்லாமல் ஏறினார். தெருவில் முன்னும் பின்னும் ஓட்டி, முழுசாக ஒடித்து, வேகத்தடையில் வேண்டுமென்றே ஏற்றி இறக்கினார். "கூட வெட்டின மாதிரி இருக்கே?" என்றார்.

"உங்க கன்னுக்குட்டிக்கு இடம் விட்டிருக்கு," என்றாள் அவள். டாக்டர் போய்விட்டார்.

ஜீப் நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. பெயிண்டர் தேய்த்த கதவையே தேய்த்தார். அம்மா போகாமல் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு நின்றாள், கொட்டகைக்குள்ளேயே.

இன்ஜினியரம்மாதான் பேச்சை எடுத்தாள். "உரசிச்சு. சொன்ன சொல் சொன்னதுதான். சாயங்காலம் போன் வந்தா வர்றேன்னு சொல்லிடறேன்."

"உரசலைன்னு நான் சொன்னேனே," என்றாள் அம்மா. "இந்த வீட்ல காது கேக்கிறது எனக்கு மட்டும்தான்."

"பொய் சொன்னே."

"ஆமா சொன்னேன். நீ கீழ கிடந்தப்ப உன் மூஞ்சியைப் பார்த்தேன். ரிசல்ட் வந்த அன்னைக்குக்கூட நீ அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லடி. என்ன பண்ணச் சொல்றே?"

அப்பா இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலை," என்றார். "உரசின சத்தமே எனக்குக் கேக்கலை. கேக்காத வழக்குல எப்படித் தீர்ப்புச் சொல்றது?"

பெயிண்டர் களுக்கென்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்த மழுப்பல் எனக்கு வேண்டாம்ப்பா. உரசலைன்னு பொய் சொல்லிக் குடுத்தா வாங்க மாட்டேன். உரசிச்சுன்னு ஒத்துக்கிட்டு, அப்பவும் குடுக்கத் தோணுச்சுன்னா குடுங்க. இல்லன்னா விடுங்க."

அப்பா கையிலிருந்த பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தான் வெட்டி, தானே ஒட்டி, தானே உடைத்த பட்டை.

"உரசிச்சு," என்றார், அவளுடைய அளவுக்குச் சத்தமாக. "உனக்குக் குறைஞ்சுது, எனக்குக் கூடிச்சு. ரெண்டு தப்பையும் கூட்டினா ஒரு வண்டி மலை ஏறுது. அந்தப் பக்கத்துக் குப்பையை நீயே அள்ளிக்கோ. நான் ஆள் விட மாட்டேன்."

அவள் பட்டையை அவர் கையிலிருந்து வாங்கி, மேஜையில் வைத்து, அவர் கையைப் பிடித்து அதன் மேல் படுக்க வைத்தாள். ஆணியால் மூன்று விரலின் அகலத்தையும் கீறினாள். பக்கத்தில் அறுபத்து மூன்று என்று எழுதினாள். பிறகு தன் மூன்று விரலை வைத்து, அதையும் கீறினாள்.

"இனிமே எவ்வளவுன்னு கேட்டா இதைத் தூக்கிக் காட்டுவேன்."

"விரல் இன்னும் வீங்கும்மா," என்றார் அப்பா.

"வீங்கினா வேற கோடு போட்டுக்கலாம்."

இடது பாதியின் சுவரில் ஆணி தேடிக்கொண்டிருக்கும்போதே போன் வந்துவிட்டது. சாயங்காலம் ஆகக்கூட இல்லை. அவர்களுக்கு என்ன அவசரமோ. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. பெயிண்டர் அதை அணைக்கப் போனார். அவள் உள்ளங்கையை உயர்த்தி வேண்டாம் என்று காட்டினாள்.

"ஹலோ... ஆமா, நான்தான்... கேக்கலைங்களா? வேலை நடக்கிற இடம்ங்க, அப்படித்தான் இருக்கும்... இல்லைங்க, வரலை... வரலைன்னு சொன்னேன்..."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள் போல. அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"நான் வ... ர... லை!"

தையற்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அம்மா தூக்கைத் திறந்து, நின்றவாக்கிலேயே சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள். கிழிந்த சீட்டை இழுத்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

அவருக்கே கேட்டுவிட்டது.